பெண் பார்க்க வந்தவர் மாட்டைப் பார்த்த கதை

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க ஒரு மாட்டு டாக்டர் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தவர்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். கொல்லையில் நின்ற மாடு கன்று போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை. தீனி தொடாமல் நின்றது. பின்னால் வடிந்ததன் நாற்றம் கூடம் வரை வந்துவிட்டது. அம்மா வீடெல்லாம் சாம்பிராணி போட்டார். பிறகு இரண்டும் கலந்து வந்தது.

மாப்பிள்ளை தன் அம்மாவோடும் அத்தையோடும் வந்து உட்கார்ந்தார். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"மாடு கன்னு போட்டு எத்தினி நாளாச்சுங்க?"

எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா விரல் விட்டு எண்ணுவதற்குள் கொல்லைக்குப் போய்விட்டார். கேசரித் தட்டோடு நின்ற என்னைத் தாண்டித்தான் போனார். கேசரியைக்கூடப் பார்க்கவில்லை.

சட்டையைக் கழற்றி, தோள் வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த மாடு என்னைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கும். அதனால் பட்டுப்புடவையோடு நான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கை முழுக்க உள்ளே, கன்னம் மாட்டின் மேல். அந்த நிலையிலேயே கேட்டார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.யூ.சி."

"சமைப்பீங்களா?"

"சுமாரா."

"வாலைக் கொஞ்சம் அந்தாண்ட புடிங்க."

பிறகு அப்பாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கர்ப்பப்பையில சீழ் வச்சிருக்கு. ஜுரம் வேற ஜாஸ்தியா இருக்கு. மூணு நாள் ஊசி போடணும்." மருந்துப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அப்பா சைக்கிளில் பறந்தார்.

கூடத்தில் இருந்த அத்தைக்கு இது காதில் விழுந்தது. பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பொண்ணுக்கு இவ்ளோ வியாதி இருக்குதுனு தரகர் சொல்லவே இல்லியே. வா, போலாம்."

"ஐயோ, அது மாட்டுக்குங்க," என்றார் அம்மா.

அத்தை நம்பவில்லை. கையைப் பிடித்துக் கொல்லைக்கே கூட்டிவந்து காட்ட வேண்டியதாயிற்று. அதே நேரம் மாடு முக்கியது. அத்தையின் புடவைக் கரையில் தெறித்தது. அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

அப்பா கொண்டுவந்த பெரிய மாத்திரைகளைக் கர்ப்பப்பைக்குள் வைத்து, ஊசியும் போட்டுவிட்டு அவர் கை கழுவினார். துண்டை நீட்டியபடி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?"

"நல்லா புடிச்சாங்க. ஒரு தடவகூட விடல."

அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். அத்தைக்கு மறுபடியும் பஜ்ஜி வந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஊசி போட அவர் வந்தபோது, தெருவே எட்டிப் பார்த்து மாப்பிள்ளை என்றது. மூன்றாம் நாள் மாடு தவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவரை உதைத்தது. தேறிவிட்டது என்றார்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துத்தான், அன்றைக்கு 'நல்லா புடிச்சாங்க' என்றது மாட்டு வாலைப் பிடித்ததைத்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது.

"அப்போ என்னைப் புடிக்கலியா?"

"யோசிக்க எங்க உட்டாங்க? நான் சோப்பைக் கழுவறதுக்குள்ள உங்கப்பா தேதி குறிச்சிட்டாரு."

அன்று ராத்திரி உப்புமாவில் உப்புப் போடவில்லை. அவர் தட்டைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.