எலி மூளையும் திராட்சை மருந்தும்

"எலி மூளைய நறுக்கிப் பாத்து நம்ம ஊருக்கு என்னத்தா ஆகப்போகுது?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். வலிப்பு நோயைப் பற்றிய ஆராய்ச்சி என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில் அவர் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை.

போன பொங்கலுக்கு எங்கள் ஊரான ஓடைப்பட்டிக்கு வந்தபோது, அப்பா திராட்சைக்குப் பூச்சிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்த வேதிப்பெயரைப் படித்தேன். மூளைச் செல்களை அமைதிப்படுத்தும் வாயில்களை அடைக்கக்கூடியது அது. ஆய்வகத்தில் எலி மூளைத் துண்டில் வலிப்பை வரவழைக்க நாங்கள் இடும் மருந்தும் அதையேதான் செய்கிறது. அந்த மருந்தைக் கையுறை இல்லாமல் நான் தொட்டதே இல்லை. அப்பாவோ முழங்கை வரை வெறும் கையை விட்டுக் கலக்கினார்.

"கைய எடுங்கப்பா!"

"எதுக்குத்தா இந்தக் கத்து கத்துற? பூச்சிக்கு அடிக்கிற மருந்து மனுசன என்ன பண்ணும்? வருசக்கணக்கா அடிக்கிறேன், நல்லாத்தான இருக்கேன்?"

நிறைய உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும் என்று தெரியும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்புப் போட்டு அவர் கையைக் கழுவிவிட்டேன். ஆய்வகம் திரும்பியதும் ஆய்வு நெறியாளரிடம் அனுமதி வாங்கி, அப்பா அடிக்கும் அதே பூச்சிமருந்தை மிகச் சிறிய அளவில் மூளைத் துண்டுகளில் இட்டுச் சோதிக்கத் தொடங்கிவிட்டேன்.