ரிலே அக்கா

குளிர்பெட்டிக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் அவள் பதினோரு வருஷம் நின்றாள். கால் கடுத்ததுதான் மிச்சம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அங்கே காதும் வேலை செய்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கடை சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து முனையில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை தகர அலமாரி. அதில் தாமிரக் குழாய்ச் சுருள், விசிறி, ரப்பர் பட்டை, கையகல மின்பாகங்கள். மெக்கானிக்குகள் வந்து மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதை சொல்வார்கள். "பேக்கரி மெஷின் மாடு மாதிரி கத்துது." "ஓட்டல் பெட்டியில மேல பனிக்கட்டி, கீழ வெந்நீர்." சொல்லிவிட்டு ஒரு பாகம் வாங்கிப் போவார்கள். பாதிப் பேர் ரெண்டு நாள் கழித்து, "இது இல்லம்மா, வேற குடு" என்று அசடு வழிய வந்து நிற்பார்கள். எந்தக் கோளாறுக்கு எதை வாங்கினார்கள், எது திரும்பி வந்தது, கடைசியில் எதைப் போட்டதும் சரியானது என்பதெல்லாம் அவள் மனசில் ஏறிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செத்த பாகங்களைப் பிரித்து உள்ளே பார்ப்பாள். அதுவும் போதாமல், ஒரு வருஷம் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கினாள். வகுப்பில் முப்பது பேர். பெண் என்று இவள் ஒருத்திதான்.

ஐந்தாவது வருஷத்திலேயே ஆள் கோளாறைச் சொல்லி முடிக்கும் முன்னால் மேசைமேல் சாமான் வந்துவிடும்.

"அண்ணே, நீங்க கேக்குறது அது. ஆனா உங்களுக்கு வேண்டியது இது."

முதலில் சிரித்தார்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்கள். வெளியே போய் யாராவது, "கவுண்டர்ல நிக்கிற பொம்பள சொல்லித்தான் செஞ்சேன்" என்று சொல்வார்களா என்ன?

ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒரு பெண் வந்தாள். முகம் பேயறைந்தது போல் இருந்தது. கடை திறந்து நாலு மாசம்தான். பெட்டி நின்றுவிட்டது, பார்த்த மெக்கானிக் கம்ப்ரசரே போய்விட்டது, புதுசு மாற்ற வேண்டும் என்றாராம். புதுசு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வந்திருந்தாள்.

"சத்தம் வருதா?" என்று கேட்டாள் இவள்.

"டொக்குன்னு ஒரு சத்தம் வருதுங்க. அப்புறம் கம்முனு ஆயிடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் டொக்கு."

"அது கம்ப்ரசர் மாதிரி தெரியலையே. அதைத் தள்ளிவிடுற ரிலே மாதிரி இருக்கு. கடை மூடினதும் நானே வந்து பாக்குறேன்."

சாயங்காலம் மீட்டரோடு போனாள். கம்ப்ரசரின் மூன்று முனையையும் தொட்டுப் பார்த்தாள். உயிர் இருந்தது. தீப்பெட்டி அளவுள்ள ரிலேயைக் கழற்றிக் குலுக்கினாள். உள்ளே கருகிய துண்டு கலகலவென்று ஆடியது. புதுசை மாட்டியதும் பெட்டி ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கருகிய ரிலேயை அந்தப் பெண்ணின் கையில் வைத்து, "இதுதான் உங்க தூக்கத்தக் கெடுத்தது" என்றாள். உடைந்ததை உடையவர் கையில் கொடுத்து விளக்கிச் சொல்வது அன்று ஆரம்பித்த பழக்கம்.

சேதி பரவ எவ்வளவு நேரம்? மறுநாள் காலை பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. மெக்கானிக்குகள் நாலு பேர் கடைக்கு வந்து முதலாளியிடம் குதித்தார்கள். எங்கள் பிழைப்பில் கைவைத்தால் இனி சாமான் வாங்க வேறு கடைக்குப் போவோம் என்றார்கள். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"இந்தா பாரும்மா. உனக்கு வாய் இருக்கு. எனக்கு வியாபாரம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் இந்தக் கடையில இருக்க முடியும்."

"அப்ப வியாபாரம் இங்கயே இருக்கட்டும் முதலாளி. வாய நான் எடுத்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மாசச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர்.

"வேலைய விட்டுட்டியா, விட வெச்சுட்டாங்களா?"

"ரெண்டும் பாதிப் பாதிங்க."

 மறுநாள் பணிமனையில் சொல்லிக் கேட்டு, பழைய கருவிப் பை ஒன்றை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். பையின் மேல் பேருந்துப் பணிமனை என்று கொட்டை எழுத்து. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனபோது, "நாங்க பஸ் ரிப்பேருக்குச் சொல்லலையே" என்று கதவைச் சாத்தப் பார்த்தார்கள்.

முதல் வருஷம் லேசில் போகவில்லை. கதவைத் திறப்பவர்கள் அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

"மெக்கானிக் வரலையா?"

"வந்தாச்சே."

"எங்க?"

"உங்க வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறேனே, தெரியலையா?"

சிரித்தவர்கள் உள்ளே விட்டார்கள். சிரிக்காதவர்கள் விடவில்லை. ஒருவர் அவள் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஆளையும் வரவழைத்துச் சரிபார்த்தார். அன்று மட்டும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதாள். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளைக் கைதூக்கி விட்டது அடுப்படிகள்தான். ஐஸ்கிரீம் கடைக்காரி கேக் செய்கிறவளிடம் சொன்னாள். அவள் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவளிடம் சொன்னாள். அவள் பூக்கடைக்குச் சொன்னாள். எல்லாரும் தாமே கடை வைத்து, தாமே பெட்டி வாங்கி, அது நின்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தவர்கள். 'ரிலே அக்கா' என்ற பேர் அவர்கள் வைத்ததுதான். பேரோடு அவள் நம்பரும் அவர்கள் பெட்டிகளின் முதுகில் அழியாத மையில் ஏறியது.

நாலாவது வருஷம் ஒரு கடும் கோடை. காக்காகூட நிழலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்த வெயில். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குச் சந்தையின் குளிர் அறை நின்றுபோனது. ஒரு சின்ன வீடு அளவுள்ள அறை அது. மீன், பால், கேக், பூ என்று இருபது கடைச் சரக்கு அதற்குள்ளே. மாதாமாதம் பராமரிப்பதாக எழுதிக் கொடுத்திருந்த நிறுவனத்துக்குப் போன் போட்டால், ஆள் வர மூன்று நாள் ஆகும் என்று தேனொழுகச் சொன்னார்கள்.

ரிலே அக்கா வந்தபோது அறை வாசலில் ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கதவைத் திறந்து தன் சரக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் தொறக்காதீங்க! உள்ள இருக்குற குளிர்தான் இப்ப உங்க சொத்து. அதுவும் வெளிய ஓடுது பாருங்க."

மீன் விற்கிற அக்கா, சந்தையிலேயே பெரிய குரலுக்குச் சொந்தக்காரி, உடனே ஒரு முக்காலியைப் போட்டுக் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். "நீ போயி வேலையப் பாருடி. என்னைத் தாண்டி ஒரு ஈ போகாது."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சூட்டை வெளியே தள்ள வேண்டிய பெரிய விசிறி சுற்றவில்லை. இறக்கையைக் கையால் தள்ளினாலும் அசையவில்லை. கருகிய வாடை. மோட்டார் செத்திருந்தது. பக்கத்து பேக்கரியிலிருந்து பறந்து வந்த மாவு, விசிறிக்கு முன்னாலிருந்த தகடுகளில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. மாவைக் கழுவிவிடலாம், மோட்டாருக்கு எங்கே போவது? தன் பழைய முதலாளியின் கடைக்கே போன் செய்தாள். அவர் பழசை மனசில் வைக்கவில்லை. தெரிந்த எல்லாக் கடையிலும் தானே விசாரித்துவிட்டு, "இந்த வெயில்ல ஒண்ணுகூட மிச்சமில்லம்மா" என்றார்.

கதவின் மேல் உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டுகிற எண் ஏழிலிருந்து எட்டானது.

அப்போதுதான் சந்தைக்கு அந்தப் பக்கம் இருந்த நாடகக் கொட்டகை ஞாபகம் வந்தது. மேடைக்குப் பின்சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறிக்குப் போன மாதம் இவள்தான் பேரிங் மாற்றினாள். கிட்டத்தட்ட இதே அளவு. ஓடினாள். கொட்டகையை நடத்திய அம்மா ஒத்திகையில் இருந்தார். அன்று சாயங்காலம் புது நாடகத்தின் முதல் காட்சி. மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, அந்த விசிறியைக் கேட்டாள்.

"அத எடுத்துட்டா உள்ள வெந்துடும்மா. உங்ககிட்ட கேக்கவே கூச்சமா இருக்கு."

அந்த அம்மா ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "கழட்டிக்கோ. நடிகனுக்கு வேர்த்தா நல்லா நடிக்கிறான்னு சொல்லுவாங்க. மீனுக்கு வேர்த்தா யாரும் வாங்க மாட்டாங்க."

மோட்டார் வந்தது, ஆனால் துளைகள் ஒத்துவரவில்லை. கொட்டகையில் மேடை அமைக்கிற பெண் கூடவே வந்து, ஒரு இரும்புப் பட்டையில் நாலு துளை போட்டு நடுவே ஒட்டுக் கொடுத்தாள். இதற்குள் கேக் செய்கிறவளும் பூக்காரியும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தகடுகளைக் கழுவி முடித்திருந்தார்கள். மாட்டி, சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. கூட்டம் கைதட்டப் போனது.

"இருங்க, இருங்க. தலைகீழா சுத்துது."

காற்று வெளியே போகாமல் உள்ளே வந்தது. நிறுத்தி, உள்ளிருந்த இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ தன் துண்டால் அவள் நெற்றியை ஒற்றிவிட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியாது. மறுபடி சுவிட்ச். இந்த முறை வெளியே நின்றவர்கள் முகத்தில் சூடான காற்று அறைந்தது. இவ்வளவு மோசமான காற்றுக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எண் பதினொன்றில் கொஞ்ச நேரம் அடம்பிடித்து நின்றது. பிறகு பத்து. அப்புறம் ஒன்பது. மீன்கார அக்கா முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாலைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

சாயங்காலம் சந்தைப் பெண்கள் மொத்தமாகக் கிளம்பி நாடகத்துக்குப் போனார்கள். பாதிப் பேர் அதுவரை கொட்டகைப் படியை மிதித்ததில்லை. கதவெல்லாம் திறந்து கிடக்க, ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டு பார்த்தார்கள். அது முதல் சந்தை விடுமுறை நாளில் நாடகம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த நாடகத்தில் மீன் விற்கிறவளாக ஒரு பெண் நடித்தபோது, மீன்கார அக்கா இடைவேளையில் நேரே மேடைக்குப் பின்னால் போய், "கத்திய அப்படிப் பிடிச்சா விரல் போயிடும் கண்ணு" என்று தானே பிடித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

நிறுவனத்து ஆள் சொன்னபடி மூன்றாம் நாள் வந்தார். "யாரு இதுல கைவெச்சது?" என்று அதட்டினார்.

"பல்லு வலின்னு கூப்பிட்டா பல்லு விழுந்தப்புறம் வந்து நிக்கிறீங்களே தம்பி" என்றாள் மீன்கார அக்கா. "பரவால்ல, வந்தது வந்தீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

அவரும் நேர்மையான ஆள்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் கொஞ்சம் சின்னது. ஒட்டு வேலை சுத்தம்" என்றார். அந்த வாரமே சரியான மோட்டார் வந்தது. கொட்டகை விசிறியை அவளே திரும்ப மாட்டிக் கொடுத்தாள். சந்தைச் சங்கம் கூடி, குளிர் அறையின் பராமரிப்பை அவளுக்கே எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையையும் பட்டறைக்கு விட்டது. இன்று அவளோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். மெக்கானிக்குகளே சிக்கலான கேஸ் என்றால் போன் போட்டு, "அக்கா, ஒரு சத்தம் வருது, கேளுங்க" என்று போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். அவளுடைய காது இன்னும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது.

போன வருஷம் நகரசபைக்கு ஒரு யோசனை வந்தது. ஊரின் சாப்பாட்டையும் வியாபாரத்தையும் கலையையும் தாங்குகிற பெண்களின் படங்களைப் பெரிதாக எடுத்துச் சந்தைச் சுவரில் மாட்டுவது. படம் எடுக்க வந்தவன் அவளை நல்ல துணி உடுத்தி, கையில் பளபளவென்று ஒரு ஸ்பேனரைப் பிடித்துச் சிரிக்கச் சொன்னான்.

"கையில ஸ்பேனர் இருந்தா எனக்குச் சிரிப்பு வராதுப்பா. வேலை செய்யும்போது எடுத்துக்கோ."

எடுத்தான். படம் சுவருக்கு வந்தபோது, தலையும் தோளும் பூக்கடைப் பெட்டிக்குள் மறைந்திருக்க, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய சுவரில் முகமில்லாத படம் அது ஒன்றுதான். ஆனால் கீழே பேரைப் படிக்கிற அவசியமே யாருக்கும் வரவில்லை. அந்த முதுகைத் தெரியாத கடை அந்த ஊரில் இல்லை.

திறப்பு விழாவுக்கு அவளால் போக முடியவில்லை, பேக்கரியில் வேலை. மறுநாள் காலை வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கழுத்தை நீட்டி, படத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, அந்தப் பின்மூடியப் பாத்தீங்களா? வலது கை ஓரத்துல ஒரு திருகாணி இல்லாமலே இருக்கு."

"படத்துல யாரும்மா அதப் பாக்கப் போறாங்க?"

"படத்துல இல்லீங்க. பூக்கடைப் பெட்டியில" என்று சொல்லும்போதே அவள் பூக்கடைத் தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.