அப்பா ஊதிய ஒன்றரை லிட்டர்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூச்சு விடுவதிலும் முதல் ரேங்க் உண்டு என்று ஒன்பதாம் வகுப்பில் நம்பியவன் நான்.

அறிவியல் டீச்சர் நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் சோதனையைச் செய்யவைத்தார். ஐந்து லிட்டர் கேனில் அளவுக்கோடு போட்டு, தண்ணீர் நிரப்பி, வாளித் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கேனுக்குள் ஒரு ரப்பர் குழாய். ஒரே தம்மில் ஊதினால், எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அவ்வளவு காற்று. நான் இரண்டரை லிட்டர் ஊதிவிட்டு, கண் இருட்டி பெஞ்சில் சாய்ந்தேன். அதையும் வெற்றியில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து, வீட்டில் பெரியவர் ஒருவரை ஊதவைத்து எழுதிவர வேண்டும். பாப்பாரப்பட்டி சாலையில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலைபார்த்த அப்பா, புருவமெல்லாம் கல்தூசியோடு வந்து உட்கார்ந்து ஊதினார். ஒன்றரை லிட்டர். மூன்று முறையும் அதேதான். மகனிடம் தோற்றவர் என்று வீடு முழுக்கக் கேலி செய்துவிட்டு நோட்டில் எழுதினேன்.

டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"பெரியவங்களுக்கு இவ்ளோ கம்மியா வராதுடா. மூணரைன்னு திருத்து. அப்பதான் கையெழுத்து."

கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

"அளந்தததான எழுதச் சொன்னீங்க டீச்சர்?"

"வாய் மட்டும் அஞ்சு லிட்டரு. போய் வெளிய நில்லு."

மூன்று நாள் ஜன்னல் வழியாக அறிவியல் கற்றேன். திருத்தவில்லை. நான்காம் நாள் கேனையும் வாளியையும் அப்பாவையும் பள்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

டீச்சர் முன்னால் அப்பா ஊதினார். ஒன்றரை. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். டீச்சர் அவர் புருவத்துக் கல்தூசியைப் பார்த்தார்.

"கல்லு வேலைக்கு எத்தன வருசமா போறீங்க?"

"பதினாறு வருசமுங்க டீச்சர்."

டீச்சர் நோட்டை வாங்கி, தான் அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோற்றுப்போன வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜெயித்த திமிரில் அப்பாவின் மொபெட்டில் பின்னால் ஏறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"நீங்க அன்னிக்கே நல்லா தம் கட்டி ஊதியிருந்தா, நான் மூணு நாள் வெளிய நின்னிருக்க வேணாமில்லப்பா?"

அப்பா வண்டியை மிதித்துக் கிளப்பினார்.

"அவ்ளோதான்டா இருக்குது."