முதுகில் கீறிய மடவை

கம்பம் சந்தையில் கருத்தம்மாள் கருவாட்டுக் கூடையைத் திறந்தால், சுருளி அருவியில் குளிக்கிறவன் தலையைத் துவட்டாமல் ஓடி வருவான். முட்டை நிறைந்த சினை மடவை மீன் வந்திருக்கிறது என்றால் சைவக்காரர்கள்கூட அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போவார்கள்.

எல்லாம் தம்பி சீனிச்சாமியின் கைவாகு. தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தூத்துக்குடியில் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் இடத்தில் அவனுக்கு வேலை. ஊருக்குப் போகும் மீனுக்கெல்லாம் வயிற்றைக் கிழிப்பான். அக்காளுக்குப் போகும் மடவையை மட்டும் முதுகில் கீறிக் குடலை எடுப்பான். வயிறு மூடியபடி இருக்க, சினை உள்ளேயே உப்பில் ஊறிக் கிடக்கும்.

முப்பத்தாறாம் வருசத்து மார்கழியில் தேனிக்கு ரயிலில் வந்த கூடையில் ஒவ்வொரு மடவையும் முழங்கை நீளம். ஒன்றிலும் சினை இல்லை.

முதல் மீனை வாங்கிப் போன பொன்னாத்தாள் அதே வேகத்தில் திரும்பி வந்தாள். “ஏத்தா கருத்தம்மா, சினையத் தின்னுட்டுக் கூட்டை விக்கிறயாக்கும்?”

“அடி, எந்தம்பி கை பட்ட மீனுடி!”

“அதத்தான் சொல்றேன். ஐப்பசியிலதான அவனுக்குக் கல்யாணம்? புதுப் பொண்டாட்டிக்குச் சினை, பழைய அக்காளுக்குக் கூடு!”

சந்தையே சிரித்தது. கருத்தம்மாளுக்கு அந்தச் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது.

அடுத்த கூடையோடு சீனிச்சாமியே வந்தான். அதிலும் சினை இல்லை.

“ஏலே, சினை எங்கலே?”

“பெரிய மீனுதாங்க்கா. இந்த வருசம் முட்டை வைக்காம விட்டுருச்சு.”

“மீனு என்னலே, விரதமா இருக்கு?”

“கடல்ல இரை பத்தலைக்கா. உள்ள பாரு, நூலு மாதிரி ரெண்டு சினைப்பை ஒட்டிக் கெடக்கும்.”

“குடலு வந்த வழியில சினையும் வந்திருக்கும். ஒம் மாமியா வீட்டுச் சட்டியில போய்ப் பாக்கணும்.”

“நானா எடுத்தேங்கிற?”

“பின்ன, திமிங்கலமா எடுத்துச்சு?”

அவள் போட்ட சோற்றை அப்படியே விட்டு அவன் எழுந்தான். அவள் தடுக்கவில்லை. பால் கொடுக்காத குறையாக வளர்த்த பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்று அடுப்பிடம் சொல்லி அழுதாள்.

அதன் பிறகு கூடையைக் கொண்டு வந்தவன், அவனோடு வேலை பார்க்கும் கர்ணன். மாசியில் அவனிடமும் புலம்பினாள். அவன் சிரித்துவிட்டான்.

“அட தாயி, தூத்துக்குடி பூரா இதே கததான்! சினை கட்டணும்னா மீனு ஒடம்புல கொழுப்பு வேணும்லா. இரை கொறஞ்ச வருசம், வளந்த மீனே இந்தத் தடவ வேண்டாம்னு சும்மா கெடந்துரும். இருக்கிற தெம்பையும் சினையில போட்டா, அது பொழைக்க வேண்டாமா? தேறிக்கிட்டா மறுவருசம் வைக்கும்.”

கெங்குவார்பட்டியில் அவள் அப்பன் வைத்த மாமரம் ஒரு வருசம் காய்க்கும், மறுவருசம் சும்மா நிற்கும். அதற்காக யாரும் யாரையும் திருடன் என்றதில்லை.

பானையில் விற்காமல் ஒரு மடவை கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே, தண்டெலும்பை ஒட்டி, இரண்டு மெல்லிய நூல்கள். அவற்றில் கத்தி படவே இல்லை.

மறு தையில் மகள் ராமுத்தாய்க்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். கர்ணனிடம் வெற்றிலை பாக்கு கொடுத்து, “அக்கா கண்ணவிஞ்சு பேசிட்டான்னு சொல்லுப்பா, மடி வேணும்னு சொல்லு” என்று அனுப்பினாள்.

காதுகுத்தன்று கர்ணன் மட்டும் கூடையோடு வந்தான். ஆசாரி ஊசியோடு நிமிர்ந்தார். “மாமன் எங்கத்தா?”

கருத்தம்மாள் கூடையைத் திறந்தாள். கொழுத்த மடவைகள். அத்தனையும் வயிறு கிழித்து, விரியத் திறந்து வைத்தவை. மேலே பனையோலைக் கொட்டானில் மஞ்சள் மஞ்சளாகச் சினை.

கர்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “சீனிச்சாமி இனிமே தெறந்தே அனுப்புவானாம். நீங்க நல்லாப் பாத்து எடுத்துக்கிடணுமாம்.”