பன்னிரண்டு கப்பல், பன்னிரண்டு வண்டி

என் மகளைச் சோதனைச்சாவடியில் அரைநாள் இருத்தி வைத்ததற்குக் காரணம் நான்தான். அவளுக்கு முன்னாலேயே இதைப் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் சிரிப்பாள். எனக்கு இன்னும் முழுச் சிரிப்பு வருவதில்லை. ஆனாலும் நல்லபடியாக முடிந்த ஒன்றை நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் அப்படி முடிந்தவை குறைவு.

சமாதானம் என்ற சொல் பேப்பரில் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதே பேப்பரின் மூன்றாம் பக்கத்தில் செத்தவர்களின் படங்களும் வந்துகொண்டிருந்தன. வாவிக்குக் கிழக்கே எங்கள் எழுவான்கரை ஆமியின் கையில் இருந்தது. மேற்கே வயலும் குளமுமான படுவான்கரை இயக்கத்தின் கையில். மகளுக்கு முதல் ஆசிரியர் நியமனம் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. திங்கட்கிழமை விடியப் போவாள். வவுணதீவுக்குப் போகும் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் வேறு பஸ் ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் இதையே மறுபக்கமாகச் செய்து வீட்டுக்கு வருவாள். அவளுடைய தகப்பன் வெளிநாட்டில் வேலையாக இருந்தார். கிழமையில் ஐந்து நாள் நானும் என் பயமும்தான் வீட்டில்.

கப்பல் கதையை முதலில் கண்டுபிடித்தவள் மகள்தான். குளிர்நாடு ஒன்றில் இருந்த யாரோ ஒருவர் இணையத்தில் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். பறங்கியர் நம் கரைகளில் கோட்டை கட்டிய காலம். மலைநாட்டு அரசனுக்காகக் களவாகக் கடலோடும் பன்னிரண்டு கப்பல்கள். அவற்றை நடத்தும் ஒற்றைக்கண் தண்டயல் ஒருவன். சனிக்கிழமை இரவு ஒரு பகுதி வரும். ஞாயிறு காலை நாங்கள் இரண்டு பேரும் சந்தியிலிருந்த நெட் கடைக்குப் போய், ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்து வாசிப்போம். கடைக்காரர் காத்தான்குடி மனுசன். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கப்பல் கரைக்கு வந்திட்டு, போய்ப் பாருங்க" என்பார்.

கதையைவிடக் கதைக்குக் கீழே வரும் பின்னூட்டங்களில்தான் எனக்கு ருசி அதிகம். முகம் தெரியாத அறுபது எழுபது பேர் அங்கே கூடியிருப்பார்கள். தண்டயல் அந்தக் கைம்பெண்ணைக் கட்டவேண்டும் என்று ஒரு கட்சி, கட்டக்கூடாது என்று ஒரு கட்சி. ஒருத்தி, "ஐயா, அவனைக் கொன்றீர்களானால் இந்தப் பக்கமே வரமாட்டேன், சொல்லிப்போட்டேன்" என்று ஒவ்வொரு கிழமையும் எழுதுவாள். எழுத்தாளர் எல்லோருக்கும் பதில் போடுவார். சண்டை முற்றினால் நடுவில் புகுந்து விலக்கும் வேலையும் அவருக்குத்தான். எங்களைச் சுற்றி நடந்த சண்டைகளில் அப்படி யாரும் புகுந்து விலக்கியதை நான் காணவில்லை.

படுவான்கரையில் மகள் கிழமை நாட்களில் தங்கியிருந்த வீட்டில் ஒரு வயற்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். கரண்டும் இல்லை, ரேடியோவுக்கு பற்றரியும் இல்லை. தான் ஒரு தொடர்கதை வாசிப்பதாக அவள் ஒருநாள் வாய்விட்டதும், அதை வாசித்துக் காட்டு என்று பக்கத்து வீடுகளும் வந்து இருந்துவிட்டன. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னை அரிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, இதைப் பிரிண்ட் எடுத்துத் தாங்க. அங்க காத்துக்கிடக்குதுகள்."

"விசரா உனக்கு? கப்பல், பீரங்கி, துறைமுகம் எண்டு எழுதின கடதாசியோட ஆமிச் சென்றிக்குள்ளால போகப் போறியா?"

"நானூறு வருசத்துக்கு முந்தின பீரங்கி அம்மா அது."

"அவனுக்கு அது தெரியுமா?"

அந்த நேரம் கடலில் நேவிக்கும் இயக்கத்துக்கும் இடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மீன்பிடிக்கப் போகிறவனே இரண்டு அடையாள அட்டையோடு போன காலம். கப்பல் என்ற சொல்லை அவள் பையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் முகம் வாடுவதையும் பார்க்க முடியவில்லை. கந்தோரில் நான் எழுதுவினைஞர். மேலதிகாரியின் கடிதத்தில் சூடான சொற்களை எடுத்துவிட்டுக் குளிர்ந்த சொற்களைப் போட்டுத் தட்டச்சு செய்வது என் அன்றாட வேலை. அதையே இங்கும் செய்தேன். ஞாயிறு மத்தியானம் நெட் கடையில் இருந்து பகுதி முழுவதையும் புதிதாகத் தட்டினேன். கப்பல் வண்டியாயிற்று. கடலை வட்டை ஆக்கினேன்; எங்கள் பக்கத்தில் பரந்த வயல்வெளிக்கு அதுதான் பேர். காற்று மாடாயிற்று, தண்டயல் வெறும் தலைவனானான், துறைமுகம் சந்தையாயிற்று, பீரங்கியை எடுத்தே விட்டேன். பறங்கியர் என்ற சொல்லும் வேண்டாம் என்று தோன்றியது. யார் எவர் என்று சொல்லாமல் 'காவல்காரர்' என்று போட்டேன்.

மகள் வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"காத்து விழுந்த இடத்தில மாடு படுத்திட்டு எண்டு போட்டிருக்கீங்க. நடுக்கடலில மூணு நாள் மாடு படுத்துக்கிடக்குது."

"படுவான்கரையில அதுதான் விளங்கும்" என்றேன்.

உண்மையில் அவர்களுக்கு நன்றாகத்தான் விளங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை கடதாசியின் பின்பக்கத்தில் வயற்காரர் சொன்னதை மகள் எழுதிக்கொண்டு வந்தாள். "மூணு நாள் அவுக்காம ஓட்டினா நாலாம் நாள் மாடு எழும்பாது. இந்தத் தலைவன் மாடு வளத்தவன் இல்ல. ஆக்களையும் அப்பிடித்தான் வச்சிருப்பான்." இதை அப்படியே பின்னூட்டமாகப் போடமுடியாது. "உங்கள் தண்டயல் தன் ஆட்களுக்கு ஓய்வே கொடுப்பதில்லை, இப்படி ஓட்டினால் நாலாம் நாள் ஒருவரும் எழும்பமாட்டார்கள்" என்று மாற்றிப் போட்டேன். எழுத்தாளர் பதில் எழுதினார்: "இதைச் சொன்னவர் அனுபவசாலி. நான் பாயையும் கயிற்றையும் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை." அடுத்த பகுதியில் தண்டயல் ஒரு தீவில் கப்பல்களைக் கட்டி ஆட்களை இரண்டு நாள் நித்திரைகொள்ள விட்டான். அந்தத் தீவை நான் ஒரு மருதமர நிழலாக்கி அனுப்பினேன். வயற்காரர் தன் சொல் கேட்டு வண்டி அவிழ்த்ததை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாராம்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. சாவடியில் ஒருவரும் அந்தக் கடதாசியைத் தொடவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

அன்று திங்கட்கிழமை, ஒன்பதரை மணி இருக்கும். மகளோடு போகிற இன்னொரு ஆசிரியை கந்தோர் வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, பயப்பிடாதீங்க. உங்கட மகள மறிச்சு வச்சிருக்காங்க. பையில இருந்த கடதாசியில ஏதோ எழுதியிருக்காம். வண்டி பற்றிக் கேக்கிறாங்க."

வண்டி என்றதும்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கிழமைப் பகுதியை நான் தட்டிய விதம் மனதில் வரிவரியாக ஓடியது. 'பொழுதுபட்ட பிறகு, விளக்கில்லாமல், மூட்டைகளோடு பன்னிரண்டு வண்டிகள் புறப்பட்டன. காவல்காரர் கண்ணில் படாமல் விடியுமுன் வட்டையைக் கடந்துவிட வேண்டும் என்று தலைவன் சொல்லியிருந்தான்.' பறங்கியரும் பாய்மரமும் இருந்திருந்தால் சின்னப்பிள்ளைக்கும் அது பழங்கதை என்று தெரிந்திருக்கும். நானூறு வருடத்தையும் கடலையும் நான்தான் வெட்டி எடுத்துவிட்டேன். மிஞ்சியது படுவான்கரைக்கு எழுதிய ஒரு தகவல்.

லீவு எழுதிக் கொடுத்தேனா என்று இன்றும் ஞாபகமில்லை. நேரே நெட் கடைக்கு ஓடினேன். விசயத்தைச் சொன்னபோது கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருந்த பையன்களை எழுப்பிவிட்டு, முதலாம் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் பிரிண்டில் போட்டார். பாதியில் கரண்ட் நின்றது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்ததில் நாலாம் தரம் பிடித்தது.

"கதை மட்டும் காணாது" என்றார். "கதையை ஆரும் எழுதலாம். கீழ கிடக்கிற சண்டையையும் எடுப்பம்."

அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. கதையும் பின்னூட்டங்களுமாக ஒரு கொப்பித் தடிப்புக்குக் கடதாசி சேர்ந்தது. இன்னும் சூடாக இருந்த அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் பாலத்தடிக்குப் போனேன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். மகள் ஒரு மர வாங்கில் இருந்தாள். அழுதிருக்கவில்லை, உதடு மட்டும் காய்ந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர்.

"இந்தப் பன்னிரண்டு வண்டியும் ஆருடைய வண்டி?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"வண்டி இல்ல சேர். கப்பல்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று விளங்கியது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கடதாசிக் கட்டை மேசையில் வைத்தேன். அங்கே கிடந்த வண்டிக் கடதாசியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்: இந்தக் கப்பல் இந்த வண்டி, இந்தக் காற்று இந்த மாடு. பொலிஸ்காரர் வரிக்கு வரி சிங்களத்தில் சொல்ல, அதிகாரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாத்தினீங்க எண்டு கேக்கிறார்."

"பயத்தில."

"எதுக்குப் பயம்?"

நான் அந்தக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். மகள்தான் பதில் சொன்னாள்.

"அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம் சேர். மழை பெய்தாலும் பயம், பெய்யாட்டியும் பயம்."

அதிகாரி சிரிக்கவில்லை. இதெல்லாம் இன்று காலை எழுதிச் சேர்த்ததாகவும் இருக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம்தான். பொலிஸ்காரர் இதற்குள் பின்னூட்டங்களுக்குப் போய்விட்டிருந்தார். முதலில் சொல்லிச் சொல்லி வாசித்தவர், பிறகு சொல்ல மறந்து தனக்குள்ளேயே வாசித்தார். இடையில் ஒருதரம் மூக்கால் சிரித்தார். அதிகாரி என்ன என்று கேட்டார்.

ஒரு வாசகர் சண்டைக்கு வந்திருந்தார். மூன்றாம் பகுதியில் தண்டயலுக்கு இடது கண் குருடு, ஒன்பதாம் பகுதியில் வலது கண் குருடு. எது சரி என்று கேட்டிருந்தார். இன்னொருவர், கண்ணா முக்கியம் என்று அவர்மேல் பாய்ந்திருந்தார். பதினேழு பேர் கண்ணுக்காக அடிபட்டிருந்தார்கள். கடைசியில் எழுத்தாளர், "தவறு என்னுடையது. கப்பலைத் திருப்பிய வேகத்தில் ஆளையும் திருப்பிவிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அதிகாரி கடதாசிக் கட்டை வாங்கி மூன்றாம் பகுதியைத் தேடச் சொன்னார். தேடினார்கள். இடது கண். ஒன்பதாம் பகுதியைத் தேடினார்கள். எழுத்தாளர் அதைப் பிறகு திருத்தியிருந்தால்? திருத்தியிருக்கவில்லை. வலது கண்தான்.

அதிகாரி முதன்முறையாகக் கதிரையில் சாய்ந்தார். ஏதோ சொன்னார்.

"பொய்க்கு எழுதுற ஆக்கள் இவ்வளவு சண்டை பிடிக்கமாட்டாங்க எண்டு சொல்லுறார்" என்றார் பொலிஸ்காரர். பிறகு தன் பங்குக்கு, "டீச்சர் போகலாம். அம்மா, இனிக் கப்பலைக் கப்பல் எண்டே போடுங்க. எங்களுக்கும் வேல குறையும்" என்றார்.

வண்டிக் கடதாசிகளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். கப்பல் கட்டைத் திருப்பித் தந்தார்கள்.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்து நகரப் பக்கமாக இழுத்தேன். அவள் நகரவில்லை.

"நான் அங்கால போறன் அம்மா."

"இண்டைக்கா?"

"இண்டைக்கு வீட்ட வந்தா நாளைக்கு நீங்க என்னை விடமாட்டீங்க. பிறகு ஒருநாளும் விடமாட்டீங்க."

அவள் சொன்னது சரி. நான் விட்டிருக்கமாட்டேன். கடதாசிக் கட்டை அவள் பையில் நானே வைத்தேன். வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, பாலத்தில் நடந்து போனாள். அதே பொலிஸ்காரர் தலையை ஆட்டி அவளைப் போகவிட்டார்.

அடுத்த நாலு நாளும் நான் சோறு வைத்ததும் உண்டதும் ஒரு கடமைக்குத்தான். கந்தோரில் யாராவது வாசலில் நிழலாடினால் பேனை கையிலிருந்து விழும். இரவில் அந்த அதிகாரி மனம் மாறி ஆளனுப்பியிருப்பாரோ, இந்தப் பக்கத்து விசாரணையைக் கேள்விப்பட்டு அந்தப் பக்கத்தில் இயக்கத்தார் விசாரிப்பார்களோ என்று முறைவைத்துப் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே பாலத்தடிக்குப் போய்விட்டேன். நாலரைக்கு அவள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாவடியில் பையைத் திறந்தாள், பூட்டினாள், என்னிடம் வந்தாள். இத்தனை நாள் மாட்டு வண்டி என்று நம்ப வைத்ததற்காக அங்கே எல்லோரும் என்மேல் கோபமாம். பிறகு கப்பலிலேயே முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்களாம். அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்ததாம். பஸ்ஸில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஓம் ஓம் என்றேன். பாதி காதில் விழவில்லை.

சந்தியில் இறங்கியபோது வடை பொரிக்கும் மணம் வந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு அப்போதுதான் பசித்தது. ஆளுக்கு இரண்டு வாங்கினேன். அவள் ஒன்றோடு போதும் என்றாள். மற்றதையும் நானே, நின்ற இடத்திலேயே தின்றேன்.