மீன் பனியனில் ஒரு திமிங்கிலம்

நான் பத்தாவதோடு நின்றவள். படித்ததில் மனதில் தங்கியது முதுகெலும்பிகள் பாடம்தான். மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி. எது செவுளில் மூச்சுவிடும், எது குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஐந்தையும் ஐந்து குழந்தைப் பனியன்களில் அச்சடித்து ஒரே செட்டாக அனுப்பும் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வந்தது. நான் செக்கிங் மேசையில் இருந்தேன். பறவைப் பனியன் சாம்பிளில் கிளிக்கும் மயிலுக்கும் நடுவே ஒரு வௌவால். ஆர்டரைக் கவனித்த மெர்ச்சன்டைசரிடம், அரை நாள் தயங்கிவிட்டுச் சொன்னேன்.

“சார், வௌவால் பாலூட்டிங்க. குட்டி போடுமுங்க.”

“பறக்குதா இல்லீங்களா? பறந்தாப் பறவைதானுங்க. நீங்க ஓட்டை, கறை இருக்குதான்னு மட்டும் பாருங்க டீச்சரம்மா!”

மேசை முழுக்கச் சிரிப்பு. அதுவே என் பெயராகிவிட்டது. டீ நேரத்தில், “டீச்சரம்மா, இந்த வடை ஊர்வனவுங்களா?” என்பார்கள்.

இரண்டே நாளில் வௌவால் போய் ஆந்தை வந்தது. தவறைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி மெர்ச்சன்டைசர் முதலாளியிடம் பாராட்டு வாங்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசியாக மீன் பனியன். சுறாவுக்குக் கீழே திமிங்கிலம். சாம்பிளில் அவர் கையெழுத்து. கையெழுத்தான சாம்பிள் போலவே பீஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு திமிங்கிலத்தையும் மடித்து வைக்கையில் எனக்கு இனித்தது.

பெட்டி கட்டிய பிறகு, வாங்குபவர் தரப்பில் சோதிக்க வந்த அம்மா ஒன்றைப் பிரித்தார்.

“திமிங்கிலம் எப்பங்க மீனாச்சு?”

முதலாளி மெர்ச்சன்டைசரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க பார்க்கலீங்களா?”

“ஓட்டையும் இல்லீங்க, கறையும் இல்லீங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பெட்டிகளைப் பிரித்தோம். மீன் பனியனை மட்டும் உருவி எடுக்க வேண்டும். ஆர்டரை முதலாளி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அதைப் பறிகொடுத்த மெர்ச்சன்டைசர் எங்களோடு தரையில் உட்கார்ந்து உருவினார். லீவு போன ஆத்திரத்தில் மற்ற பெண்கள் அவர் காதுபடவே திட்டினார்கள். அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே?”

முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“சாம்பிள்லயே தெரியுமுங்க.”

பிரிக்காத பெட்டிகள் இன்னும் இருந்தன. அவற்றில் பெரிதாகப் பார்த்து ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.