குவைத்துக்குப் போன தாலிகட்டு

சென்ற கார்த்திகையில் காலமான பழனியாண்டி, ஹட்டனில் வீடியோ கடை வைத்திருந்தவர். தோட்டத்துக் கல்யாணங்களை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாக அனுப்புவார். ஒருமுறை மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததோடு படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பந்தி மட்டும் நல்லா தெரிஞ்சுச்சுங்க" என்று ஊரே கிண்டலடித்தது.

அடுத்தது நோட்டன் பிரிட்ஜில் நிலக்ஷியின் கல்யாணம். அம்மா அழகம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை, லீவு கிடைக்கவில்லை.

"தாலி கட்டுறத மட்டும் பாத்துட்டா போதும்ணே."

சரி என்று சொல்லிவிட்டார். போன தடவை படம் ஏன் நின்றது என்று அன்றிரவே மகளிடம் கேட்டார்.

கொழும்பில் கணினி வேலை பார்க்கும் மகள் லோஜினி விளக்கினாள். "ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாருக்கும் போகுதுப்பா, அதான் நிக்குது. பல நாட்டுல கம்ப்யூட்டர் வச்சு, பாக்குறவங்களுக்குப் பக்கத்துல இருந்து குடுக்குற சீடிஎன் கம்பனிங்க இருக்கு." மூன்று கம்பனிகளை அட்டவணை போட்டு அனுப்பினாள். முதலிடத்துக் கம்பனிக்கு எண்பது நாடுகளில் கணினி.

"எண்பது நாட்டுலயும் நம்மாளு இருக்கானா?"

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரட்டு வைத்தார். கொழுந்தெடுக்கப் போகுமுன் பேர் கூப்பிடுவார்களே, அது போல, போனில். குவைத், கூடலூர், நல்லதண்ணி என்று கல்யாணத்துக்கு வர முடியாத பன்னிரண்டு பேர். ஒவ்வொரு கம்பனி வழியாகவும் ஒரு வீடியோ அனுப்பி, தெரிகிறதா என்று கேட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

யார் யார் வீடியோவைத் திறந்தார்கள் என்று கணினியில் விழுந்திருந்த பதிவை லோஜினி பார்த்தாள். திறந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் அவர் மனசு நோகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிவை அவள் இன்னும் அழிக்கவில்லை.

மறுவாரம் ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு மரக்கறியைத் தூக்கிக் காட்டினார். எதுவென்று சொன்னால்தான் பேர் பதியும்.

"அழகம்மா!"

"மொத வீடியோ சும்மா சுத்துதுண்ணே. ரெண்டாவது கரட். மூணாவது லீக்ஸா, ஒங்க கையான்னு தெரியல."

மற்றவர்களுக்கு மூன்றும் தெரிந்தன.

"கரட் கம்பனிய எடு" என்றார்.

"அது சின்ன கம்பனிப்பா. மொதல்ல இருக்கிறது..."

"அழகம்மாவுக்குத் தெரியலியே புள்ள."

கல்யாணத்தன்று அழகம்மா ஒரு போனில் படம் பார்த்தாள், இரவல் போனில் பழனியாண்டியோடு லைனில் இருந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

"அண்ணே, மேளம் கேக்குது! மாப்ள இன்னும் தாலிய கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

"படம் பிந்தித்தான் வரும். பொறு தங்கச்சி."

மேளம் ஓய்ந்தது.

"கட்டிட்டாரு! கட்டிட்டாருண்ணே!"

பழனியாண்டி கேமராவை மணப்பெண் பக்கம் திருப்பினார்.

"அழாத. ஒம்மக மொகம் வருது பாரு. இன்னும் இருபது செகண்ட்."